அப்பா சேர்த்து வைத்த 42 கருங்கல் பலகைகள்: கொல்லையில் எப்படிப் பதிப்பது?

மலையடிவாரம் (ஜனவரி 9, இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம், மலையை ஒட்டிய ஒரு பழைய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறேன். வீடு 1970களில் கட்டியது. கொல்லை இருபது அடி நீளம், பதினாலு அடி அகலம். அடுப்படி வாசலுக்கு நேர் எதிரே, கொல்லையின் கடைசியில், இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு மண்மேடு. அதற்கு மேலே வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் தாமான் புல்வெளி. கனமழை வந்தால் அந்த மேட்டு மண் கரைந்து நேராக அடுப்படி வாசலைப் பார்த்து ஓடி வருகிறது. 2017 நவம்பர் வெள்ளத்தின்போது அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் அம்மா பழைய கைலிகளைச் சுருட்டி வாசற்படியில் அணை போட்டு வைக்கிறார்.

அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி, தடி ஊன்றித்தான் நடக்கிறார். இருந்தாலும் விடிந்ததும் கொல்லைக்குப் போய்விட வேண்டும். கறிவேப்பிலை, செராய் (எலுமிச்சைப் புல்), பாண்டான், மல்லிகை எல்லாம் அங்கேதான். தோட்டத்து லயத்தை விட்டு வரும்போது தூக்கி வந்த ஆட்டுக்கல்லும் அங்கேதான் இருக்கிறது. ஈர மண்ணில் அவர் தடி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அப்பா லோரி ஓட்டியவர். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டை இடித்தபோது, நடுமுற்றத்தில் பதித்திருந்த கருங்கல் பலகைகளையும் இடிபாட்டோடு சேர்த்துக் கொட்டச் சொன்னார்களாம். அப்பாவுக்கு மனம் வரவில்லை. கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். முப்பது வருஷத்துக்கு மேலாக மதிலோரம் அடுக்கியபடியே கிடக்கின்றன. "ஒரு நாள் உங்கம்மாவுக்கு முற்றம் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போட முடியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வாரம் பாசியைத் தேய்த்துக் கழுவி எண்ணிப் பார்த்தேன். 42 பலகைகள். எல்லாம் ஏறக்குறைய இரண்டடிக்கு ஓரடி. கனம்தான் ஒரே மாதிரி இல்லை: சிலது இரண்டரை அங்குலம், சிலது மூன்றரை. ஒரு முகம் கால் பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கிறது, மறுமுகத்தில் உளி கொத்திய தடம்.

வந்து பார்த்த கொண்ட்ராக்டர், கல்லையெல்லாம் ஏற்றிப்போய்க் கொட்டிவிட்டு, மொத்தக் கொல்லைக்கும் சிமெண்டு போட்டு மேலே டைல்ஸ் ஒட்டித் தருவதாகச் சொன்னார். 9,800 வெள்ளி (ரிங்கிட்). எனக்கு அப்பாவின் கல்தான் வேண்டும். கையில் 4,000 வெள்ளி இருக்கிறது. தைப்பூசம் முடிந்ததும் அண்ணனும் அவர் மகனும் வந்து கைகொடுக்கிறேன் என்கிறார்கள்.

இந்த 42 கல் எவ்வளவு இடத்துக்கு வரும்? மணலில் பதிப்பதா, சிமெண்டிலா? மண்மேட்டுக்கும் கல்லிலேயே சுவர் கட்ட முடியுமா? வெளிநாட்டுப் பக்கங்களில் படித்தால் எல்லாரும் வசந்தத்தில், பனி உருகித் தரை இளகிய பிறகு தொடங்கு, ஒரு அடிக்கும் மேலே தோண்டு என்கிறார்கள். நமக்கு எது வசந்தம், எவ்வளவு ஆழம்? தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

பட்டர்வொர்த் தம்பி (ஜனவரி 9, இரவு 11.15)

அக்கா, கல் பத்தலன்னா காசு கொடுத்து வாங்காதீங்க. கூலிம் பக்கம் ஆத்தோரமா எவ்வளவோ கிடக்கு. ஒரு ஞாயித்துக்கெழம லோரி எடுத்துட்டுப் போனா அள்ளிட்டு வந்துடலாம்.

பழைய கல்தச்சர் (ஜனவரி 10, காலை 6.20)

தங்கச்சி, உங்கள் அப்பா செய்தது பெரிய காரியம். அந்தக் கற்களைக் கொட்டிவிடாதீர்கள். நானும் பினாங்கில்தான், ரெலாவ் பக்கம் இருக்கிறேன், வயது 71. நாற்பது வருஷம் கல் வேலை, வடிகால் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் தம்பிக்கு. ஆற்றுக் கல்லை யாரும் நினைத்தபடி அள்ளிவர முடியாது, தம்பி. தேசிய நிலச் சட்டப்படி அது பாறைப்பொருள். எடுக்க நில அலுவலகத்தில் படிவம் 4சி அனுமதி வாங்க வேண்டும். கரைக் கல்லை எடுத்தால் கரை அறுக்கும், அது வேறு பாவம். குவாரிக் கல்லை ரசீதோடு வாங்குங்கள்.

இனி உங்கள் கணக்கு. பலகை ஒன்று இரண்டு சதுர அடி, ஆக 42 பலகைக்கு 84 சதுர அடி. உங்கள் கொல்லை 280. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வரும். அது நல்லதுதான். மண் தரை கொஞ்சம் திறந்திருந்தால் மழை அதில் இறங்கும், கறிவேப்பிலைக்கும் வேர் விட இடம் இருக்கும். அடுப்படி வாசலில் தொடங்கி மேட்டடி வரைக்கும் மூன்றடி அகலத்தில் ஒரு நடைபாதை: பதினாலு அடிக்கு 42 சதுர அடி, 21 பலகை. குழாயடியில் ஆறுக்கு ஆறு ஒரு களம், துவைக்க, பாத்திரம் கழுவ: 18 பலகை. மொத்தம் 39. மூன்று கையிருப்பு. தூக்கும்போது ஒன்றாவது உடையும், அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கல்லில் கை வைப்பதற்கு முன்னால் தண்ணீருக்கு வழி செய்யுங்கள். உங்கள் கொல்லையில் நடப்பது என்னவென்றால், வாட்டம், அதாவது தரையின் சரிவு, வீட்டைப் பார்த்து இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு மேலே தங்கத்தைப் பதித்தாலும் அடுத்த அக்டோபரில் சேறு அதே வழியில்தான் வரும். டைல்ஸ் ஒட்டுகிறேன் என்றவர் வாட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா என்று யோசித்துப் பாருங்கள்.

மேட்டடியில், இருபது அடி நீளத்துக்கும், ஒரு யு வடிவ வடிகால் வையுங்கள். ஹார்ட்வேர் கடைகளில் வார்த்ததே கிடைக்கும். எட்டடிக்கு ஒரு அங்குலம் இறக்கம் கொடுத்தால் இருபது அடிக்கு இரண்டரை அங்குலம். அது பக்கவாட்டு லோங்காங்கில் (சாக்கடையில்) போய் விழ வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் நிலத்தில் ஒரு சொட்டும் திருப்பிவிடாதீர்கள். பிறகு நடைபாதைக்கு வாட்டம் வீட்டிலிருந்து மேட்டடியைப் பார்த்து: நாலடிக்கு ஒரு அங்குலம். பதினாலு அடிக்கு மூன்றரை அங்குலம் இறங்கும். இதற்கு மேல் கொடுத்தால் தடி ஊன்றுகிறவருக்குச் சரிவு தெரியும். குறைத்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். வாசல் பக்கம் கல்லின் மேல்மட்டம் வீட்டுத் தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் அங்கே ஒரு படி தேவைப்படும், அதைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

மட்டம் பிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். முப்பது அடி தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, இரண்டு முனையையும் இரண்டு குச்சியில் பிடித்தால் போதும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மேட்டடிப் பக்கத்துக் குறியிலிருந்து மூன்றரை அங்குலம் கீழே அளந்து நூல் கட்டுங்கள்.

வசந்தம் கேட்டீர்கள். குளிர்நாடுகளில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பெருக்கும். அது கல்லை மேலே தள்ளும், உருகும்போது கல் கோணலாக உட்காரும். அதனால்தான் உருகிய பிறகு தொடங்கு, ஆழமாகத் தோண்டு என்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே கல்லுக்கு அடியில் இருக்கும் பொடியை மழை அரித்துக்கொண்டு போகும், கல் பொக்கென்று இறங்கும். அதனால் நமக்கு வேலைக்காலம் பினாங்கில் மழை குறையும் ஜனவரி, பிப்ரவரி. தைப்பூசம் முடிந்ததும் தொடங்குவது சரியான நேரம்தான்.

ஆழம்: கல் மூன்று அங்குலம், அதற்கடியில் மணல் ஒன்றேகால், அதற்கடியில் கிரஷர் ரன் (தூளும் ஜல்லியும் கலந்த உடைகல்) நாலு அங்குலம். எட்டு, எட்டரை அங்குலம் தோண்டினால் போதும். லோரி ஏறப்போவதில்லை, மனிதர் நடக்கப்போகிற இடம். தோண்டியதும் வேர், கறுப்பு மண், மக்கிய குப்பை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கெட்டி மண் தெரிய வேண்டும். அதில் திமிசு போட்டு இடித்து இறுக்குங்கள். பிறகு கிரஷர் ரன்னை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு இரண்டு அங்குலமாகப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. அதுதான் பதம். காம்பாக்டர் (இடித்து இறுக்கும் இயந்திரம்) ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் முதுகு பிழைக்கும். உங்கள் 84 சதுர அடிக்கும் ஓரத்துக்கும் சேர்த்து ஒரு கனமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஏறக்குறைய இரண்டு டன் சொல்லிவிடுங்கள்.

மணல் என்றால் கழுவிய கரடு மணல். கடல் மணல் தொடவே தொடாதீர்கள், உப்பு பூத்துக் கல் முகம் வெளுக்கும். குவாரித் தூளும் வேண்டாம். மலிவுதான், ஆனால் அதிலிருக்கும் மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கல் கனம் ஒரே மாதிரி இல்லாததால் மணலை மொத்தமாகச் சமன் செய்து வரிசையாக வைத்துப் போக முடியாது. ஒவ்வொரு கல்லுக்கும் தனியாகப் படுக்கை செய்ய வேண்டும். கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, நூலைப் பார்த்து, உயர்ந்திருந்தால் தூக்கி மணலைச் சுரண்டி, தாழ்ந்திருந்தால் போட்டு, மறுபடி வைக்க வேண்டும். நாலு மூலையிலும் ஏறி நில்லுங்கள். ஆடினால் படுக்கை சரியில்லை. சந்து அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விட்டு, கரடு மணலைக் கூட்டித் தள்ளி நிரப்புங்கள்.

ஒரு பலகை கனத்தைப் பொறுத்து 30 முதல் 45 கிலோ வரை வரும். தனியாளாகத் தூக்காதீர்கள். மதிலோரத்திலிருந்து குழாய் உருளை போட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

மேட்டுச் சுவருக்கு இன்று சாயங்காலம் எழுதுகிறேன். அதற்குள் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்: மேட்டுக்கு மேலே கட்டடமோ சாலையோ இருக்கிறதா, மேட்டில் விரிசல் உண்டா, மழை இல்லாத நாளிலும் கசிவு இருக்கிறதா?

செந்தூல்காரி (ஜனவரி 10, காலை 9.05)

நான் கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். டைல்ஸ் பற்றியும் கல் வகை பற்றியும் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் வயதானவர் இருக்கிறார்.

நாலு வருஷத்துக்கு முன் பின்பக்கம் முழுக்க வெளிர் நிறக் கல் ஒன்றை மெருகு போட்டுப் பதித்தார்கள். பார்க்கக் கோயில் மண்டபம் மாதிரி இருந்தது. இரண்டாவது மாதம் மாமியார் மீன் கழுவப் போய் வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மெருகு போட்ட கல்லை மழை படும் இடத்தில் பதிக்கவே கூடாது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அது போக, புளி கரைத்த தண்ணீர், எலுமிச்சைச் சாறு விழுந்த இடமெல்லாம் மங்கிப்போய்த் திட்டுத்திட்டாக நின்றது. பிறகுதான் தெரிந்தது, அது சுண்ணாம்புக்கல் வகை. புளிப்பு பட்டால் கரையும். பத்துமலையும் அதே இனம்தான், 40 கோடி வருஷத்துக்கும் பழைய பாறை. மழைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத்தான் அத்தனை பெரிய குகை உண்டானது. மலைக்கே அப்படியென்றால் என் மீன் கழுவுமிடம் எம்மாத்திரம்.

உங்கள் அப்பாவின் கற்கள் கருங்கல்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். சும்மா இருந்தால் பயமில்லை. பதித்து முடித்ததும் சிமெண்டுக் கறை போக ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கருங்கல்லில்கூட உள்ளே இரும்புச் சத்து இருந்தால் ஆசிட் பட்டுத் துருக்கறை கிளம்பும்.

இன்னொன்று. மணலில் பதித்தால் எறும்பு புற்று வைக்கும், சந்தில் புல் முளைக்கும். என் அண்ணி வீட்டில் பார்த்தேன். நான் சிமெண்டுதான் சொல்வேன்.

மலையடிவாரம் (ஜனவரி 10, மதியம் 1.30)

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "திமிசு" என்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். லயத்தில் களம் போடும்போது தாத்தா திமிசுக்கட்டை பிடித்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வினிகர் விட்டேன், நுரைக்கவில்லை. மேட்டுக்கு மேலே கட்டடம், சாலை ஒன்றும் இல்லை, புல்வெளி மட்டும்தான். விரிசலும் கசிவும் இல்லை. நூல் பிடித்து அளந்தேன், எந்த இடத்திலும் இரண்டரை அடிக்கு மேல் இல்லை.

இப்போது ஒரு மனக்குழப்பம். கால் பட்டு வழவழப்பான முகம்தான் அழகு. எத்தனை குடும்பம் நடந்த முற்றமோ என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணனும் அதைத்தான் மேலே வைக்க வேண்டும் என்கிறார். ஆனால் செந்தூல் அக்கா எழுதியதைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி வெறுங்காலில் ஏறி நின்று பார்த்தேன். வழுக்குகிறது.

பழைய கல்தச்சர் (ஜனவரி 10, மாலை 6.50)

தங்கச்சி, நடக்கப்போவது உங்கள் அம்மா. புரட்டிப் போடுங்கள். உளி முகம் மேலே வரட்டும். வழவழப்பான முகம் கீழே போனால் மணலில் நன்றாகப் படியும், அதுவும் ஒரு லாபம். கல்லுக்கு இரண்டு முகமும் சொந்தம்தான். முதன்முதலில் அதை வெட்டிய தச்சன் கை பட்ட முகம் அந்த உளி முகம்.

புரட்டியதும் தடவிப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் மேடுகளை மட்டும் உளியால் தட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தடி இடறும். உளி முகம் ரொம்பக் கோரமாக இருக்கும் கல் நாலைந்து வரும். அவற்றை மட்டும் வழவழப்பான முகம் மேலே வைத்து, அம்மி கொத்துவது போல் கொத்திவிடுங்கள். அந்தக் காலத்தில் "அம்மி கொத்தலையோ அம்மி" என்று கூவிக்கொண்டு தெருத்தெருவாய் வருவார்களே, அதே வேலைதான். கூர் உளியும் அரைக்கிலோ சுத்தியலும் போதும், அரை அங்குலத்துக்கு ஒரு புள்ளி. உங்கள் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தப் பதம் போதும் என்று அவர் கை சொல்லும்.

ஆனால் கண்ணாடி போடாமல், முகமூடி போடாமல் உளி எடுக்கக் கூடாது. வெட்ட வேண்டியிருந்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள், காய்ந்த கல்லில் கிரைண்டர் வைக்காதீர்கள். கருங்கல்லில் கால் பங்கும் அதற்கு மேலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். அந்தத் தூள் நெஞ்சில் படிந்தால் திரும்பி வராது. என்னோடு வேலை செய்த இரண்டு பேர் அறுபது தாண்டவில்லை. மூச்சு வாங்கி வாங்கிப் போனார்கள். அப்போது எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை, வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டினோம். உங்கள் அண்ணன் மகனுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

எறும்பு விஷயத்தில் செந்தூல் தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் கலந்து செய்யுங்கள். குழாயடிக் களத்தில் தினமும் சோப்புத் தண்ணீர் விழும், மணல் கரைந்து போகும். அங்கே கிரஷர் ரன்னுக்கு மேலே மூன்றங்குலம் கான்கிரீட்டு, அதன்மேல் சாந்தில் கல், சந்திலும் சாந்து. அந்தப் பக்கம் அதற்குத் தகுந்தாற்போல் ஆழம் கூட்டிக்கொள்ளுங்கள். நடைபாதை மணலிலேயே இருக்கட்டும். மழை சந்து வழியாக இறங்கும், ஒரு கல் தாழ்ந்தால் கம்பியால் நெம்பித் தூக்கிச் சரி செய்துவிடலாம். சிமெண்டில் ஒட்டிய கல் தாழ்ந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். புல்லைப் பிடுங்குவது காலையில் பத்து நிமிஷ வேலை.

இப்போது சுவர். இரண்டரை அடி, மேலே பாரம் இல்லை, கசிவு இல்லை என்றால் சாந்தில்லாமல் கல் அடுக்கியே கட்டலாம். மூன்றடியைத் தாண்டினால், அல்லது மேலே ஒரு கார் நின்றால்கூட, பொறியாளரைக் கூப்பிடாமல் தொடக் கூடாது. நம் பினாங்கு மலைச்சரிவு எப்படிப்பட்டது என்று 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் பார்த்தோம், பதினோரு பேர் மண்ணுக்குள் போனார்கள்.

மேட்டடியை ஒரே நாளில் இருபது அடிக்கும் தோண்டிவிடாதீர்கள். ஐந்தடி தோண்டுங்கள், அடிக்கல் வையுங்கள், அடுத்த ஐந்தடிக்குப் போங்கள். அடிக்கல் தரைக்குக் கீழே அரையடி புதைய வேண்டும், இருப்பதில் பெரிய கல் அங்கே போக வேண்டும். சுவரின் அடி அகலம் ஒன்றேகால் அடி. மேலே போகப்போக மேட்டைப் பார்த்துச் சாய வேண்டும், மொத்த உயரத்துக்கு ஐந்து அங்குலச் சாய்வு. மூட்டுக்கு மேல் மூட்டு வரக் கூடாது, இரண்டு கல் சந்திக்கும் இடத்துக்கு மேலே ஒரு கல்லின் நடுப்பகுதி உட்கார வேண்டும். மூன்றடிக்கு ஒரு நீளக் கல்லைக் குறுக்கே போட்டு மேட்டுக்குள் வால் நீட்டி வையுங்கள், அதுதான் சுவரைப் பிடித்து நிற்கும். உள்ளிடுக்குகளில் சில்லுக்கல்லைக் கையால் செருகி இறுக்க வேண்டும், மண்ணை அள்ளிப் போட்டு அடைக்கக் கூடாது. சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஓரடி ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி. தண்ணீர் துணியில் வடிந்து, ஜல்லியில் இறங்கி, கல் இடுக்கு வழியாக வந்து யு வடிகாலில் விழும். மண் பின்னாலேயே தங்கிவிடும்.

கல் மூன்றரை டன் வாங்குங்கள், முரட்டுக் கருங்கல். நம் தீவே ஏறக்குறைய முழுக்கக் கருங்கல்தான். தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் இருக்கிறதே தாவரவியல் பூங்கா, 1884இல் அதை அமைத்ததே பழைய கல் குவாரி இருந்த இடத்தில்தான்.

தாமான்வாசி (ஜனவரி 11, காலை 8.10)

நல்ல பேச்சு நடக்கிறது, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆட்டுக்கல்லை எங்கே வைக்கப் போகிறீர்கள்? எங்கள் பக்கத்து வீட்டில் அழகுக்கு என்று கொல்லையில் வைத்திருந்தார்கள். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்து, குழிக்குள் தேங்கிய மழைத் தண்ணீரில் ஏடிஸ் புழுவைக் காட்டினார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி அபராதம். அபராதம் போகட்டும், அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு முந்தின மாதம்தான் டெங்கி வந்து படுத்திருந்தது. முட்டை கொசுவாகி வெளியே வர ஒரு வாரம், பத்து நாள் போதும். யு வடிகாலிலும் இலை அடைத்தால் இதே கதைதான். பலகை முகத்தில் பள்ளம் இருந்தாலும் பாருங்கள்.

மலையடிவாரம் (ஏப்ரல் 2, இரவு 9.25)

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். வேலை முடிந்துவிட்டது.

தைப்பூசம் முடிந்த அடுத்த சனிக்கிழமை தொடங்கினோம். சனி ஞாயிறுகளில் மட்டும் செய்ததால் ஏழு வாரம் ஆனது. அதில் நாலு வாரம் வடிகாலுக்கும் சுவருக்கும்தான். ஐயா சொன்ன தண்ணீர்க் குழாய் மட்டத்தை வைத்து அளந்தபோது தெரிந்தது, மேட்டடி வீட்டு வாசலைவிட நாலு அங்குலம் உயரம். எங்கள் கண்ணுக்கு அது சமதரை. இத்தனை வருஷமாக வீட்டைப் பார்த்து ஓடும் வாட்டத்தில்தான் வாழ்ந்திருக்கிறோம்.

சுவர் கட்டியதுதான் எனக்குப் பிடித்த வேலை. முதல் இரண்டு நாள் எந்தக் கல்லை எடுத்தாலும் பொருந்தவில்லை. அண்ணன் கோபப்பட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தபடியே இருந்தவர், "கல்லைத் தேடாதீங்கடா, ஓட்டைய நல்லாப் பாத்துட்டு அப்புறம் திரும்புங்க" என்றார். அதற்குப் பிறகு இடைவெளியின் உருவத்தை மனத்தில் பதித்துக்கொண்டு குவியலைப் பார்த்தால் கல் கண்ணில் பட்டது. நடுவில் ஒரு இடத்தில் சுவர் வயிறு தள்ளிவிட்டது. மூன்று வரிசை பிரித்து மறுபடி அடுக்கினோம், குறுக்குக் கல் போட மறந்திருந்தோம்.

பலகைகளில் 34 உளி முகம் மேலே. ஐந்தை அம்மா மேற்பார்வையில் கொத்தினோம். முதல் கல்லைத் தடவிவிட்டு, "மஞ்சள் அரைக்க ஆகும், நடக்க இன்னும் கொஞ்சம் கொத்து" என்றார். அண்ணன் மகன் கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் உளியைத் தொடவில்லை. ஐயா எழுதியதை அவனே இரண்டு தடவை படித்தான். ஒரு பலகை தூக்கும்போது நழுவி இரண்டாகப் போனது. அந்தத் துண்டுகள்தான் இப்போது வாசற்படிக்கு அண்டைக் கல்.

குழாயடி சாந்தில், நடைபாதை மணலில். ஆட்டுக்கல்லை அடுப்படிக் கூரைக்கு உள்ளே, சாரல் படாத இடத்துக்கு நகர்த்திவிட்டோம். ஞாயிறுதோறும் துடைக்கிறேன். மொத்தச் செலவு 3,460 வெள்ளி.

போன வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல மழை, இரண்டு மணி நேரம் விடாமல். நான் குடை பிடித்துக்கொண்டு மேட்டடியில் நின்றேன். கல் இடுக்கிலிருந்து தண்ணீர் தெளிவாக வந்து வடிகாலில் விழுந்தது. சேறு இல்லை. மழை விட்ட பிறகு வாசலிலிருந்து ஏழாவது கல்லில் மட்டும் ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதை நெம்பித் தூக்கி ஒரு கை மணல் போட்டு வைத்தோம், பத்து நிமிஷம்தான் ஆனது. அம்மா மறுநாள் காலை வாசலில் கிடந்த கைலிச் சுருளை எடுத்துத் துவைத்துக் காயப் போட்டுவிட்டார்.

இன்னும் இரண்டு பலகை மிச்சம் இருக்கிறது. இரண்டுமே வழவழப்பான முகம் நன்றாக உள்ளவை. முன்வாசலில், கார் போர்ச்சுக்கு உள்ளே, மழை படாத இடத்தில் அம்மா கோலம் போடப் பதிக்கலாம் என்று நினைக்கிறேன். சித்திரைப் புத்தாண்டுக்குள் முடிக்க ஆசை. ஐயா, வழவழப்பான கல்லில் கோலமாவு நிற்குமா? அங்கே வழுக்குமா?

பழைய கல்தச்சர் (ஏப்ரல் 3, காலை 6.05)

படித்துவிட்டு என் வீட்டுக்காரிக்கும் வாசித்துக் காட்டினேன், தங்கச்சி. உங்கள் அம்மா ஓட்டையைப் பார்க்கச் சொன்னாரே, என் குரு எனக்கு முதல் நாள் சொன்னதும் அதுதான்.

கோலம் நிற்கும். பச்சரிசி மாவு போதும், சுண்ணாம்புப் பொடி கலக்காதீர்கள், கல்லின் கண்களில் போய் வெள்ளையாகத் தங்கிவிடும். ஆனால் நடக்கும் வழியில் பதிக்காதீர்கள். கோலத்துக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள், அந்த ஈரம் போதும் வழுக்க. வாசலுக்கு ஒரு பக்கமாக, காலைச் சுற்றிப் போகிற மாதிரி வையுங்கள். இரண்டு பலகையையும் நீளப் பக்கங்கள் ஒட்டும்படி சேர்த்தால் இரண்டடிக்கு இரண்டடி வரும். சந்தை எட்டிலொரு அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள், கோலத்தின் கோடு நடுவில் அறுபடும். அங்கே சாந்தில் பதியுங்கள், மூன்று நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். இந்த வாரமே பதித்தால் புத்தாண்டுக்கு அம்மா கோலம் போடலாம்.